சாமியிடம் கேட்ட டாட் காம்

எனக்கு அழுகை அவ்வளவு சுலபத்தில் வராது. அப்பா போனபோதுகூட வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அப்படிப்பட்டவள் காந்திபுரத்தில் ஓர் இன்டர்நெட் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் பார்க்க, ஒரு பெயருக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது அது.

சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு பம்ப் பட்டறை இருந்தது. லேத்து, காயில் சுற்றுவது, டெஸ்டிங் எல்லாம் கணவர் பொறுப்பு. கடிதம், பில், ஃபேக்ஸ் என் பாடு. அந்த வருடம் ஆர்டர் அடியோடு நின்றுபோயிருந்தது. வேலைக்காரர்கள் பதினொரு பேரும் நேரத்துக்கு வருவார்கள், துடைத்த மெஷினையே மறுபடி துடைப்பார்கள், பேப்பரை வரி விடாமல் படிப்பார்கள், சாயந்தரம் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் பார்க்காமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. தீபாவளியோடு மூடிவிடலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடித்திருந்தோம்.

அந்த நேரத்தில் தான்சானியாவிலிருந்து ஒரு வியாபாரியின் ஃபேக்ஸ் வந்தது. நாங்கள் அனுப்பிய சாம்பிள் பம்ப் பிடித்திருக்கிறது, இன்னும் இரண்டு கம்பெனிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், லண்டனில் இருக்கும் கூட்டாளி உங்கள் வெப்சைட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார், மாதக் கடைசிக்குள் அதன் முகவரியை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். எங்களிடம் வெப்சைட் எங்கே இருக்கிறது? பட்டறையில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனாலும் அந்த ஒரு தாளை நான் நாலு முறை படித்தேன். பட்டறை பிழைக்க அதை விட்டால் வேறு வழி இல்லை.

இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தவர் கோட்டைமேட்டுக்காரர். அவர் அப்பாவின் இரும்புக்கடையில்தான் நாங்கள் போல்ட்டு நட்டு வாங்குவோம். அந்தப் பழக்கத்தில் அவரிடம் போனேன். பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் ஃபேக்ஸை வாங்கிப் படித்துவிட்டு, "அக்கா, நாலு பக்கம் நான் ஒரே நாள்ல பண்ணிக் குடுத்தர்றேனுங்க. பேருதான் முக்கியம். போன்ல ஒருக்காச் சொன்னா அந்தப் பக்கம் இருக்கறவரு எழுதிக்கோணும். நீளமா வேண்டாம், நடுவுல கோடு கீடு போட வேண்டாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "இதுல என்ன அம்மணி இருக்குது? சாமி பேருதான்" என்றார்.

எங்கள் குலதெய்வத்தின் பெயரைச் சொல்கிறார். அந்தக் குலத்தில் பிறந்த யார் தொழில் தொடங்கினாலும் அதே பெயர்தான். திருச்சி ரோட்டில் போனால் அந்தப் பெயரில் ஒரு லேத் பட்டறை, ஒரு ஃபைனான்ஸ், ஒரு கோழித்தீவன மில் என்று வரிசையாக வரும்; நடுவில் அதே பெயரில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, யாருக்கும் சண்டை வந்ததும் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

பாய் தேடிப் பார்த்தார். நல்ல வேளையாக அந்தப் பெயரில் டாட் காம் காலியாக இருந்தது. "இன்னைக்கே பதிஞ்சுருங்க அக்கா, நாளைக்கு இருக்குமோ இருக்காதோ" என்றார். நான் வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர் ஒரே பிடியாக நின்றார். சாமி பெயரை சாமியிடம் கேட்காமல் எடுக்கக் கூடாதாம். வருகிற அமாவாசைக்குக் கோவிலுக்குப் போய்ப் பூ கேட்க வேண்டுமாம். அமாவாசைக்கு எட்டு நாள் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கோவில் அந்தியூர்ப் பக்கம். அங்கே பூ கேட்பது என்றால், ஒரு வெள்ளை அரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்து, வாழை நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைப்பார்கள். காரியத்தை மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

அமாவாசை என்பதால் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் கணவர் சாமி பெயரைச் சொல்லி, டாட் காம் என்று முடித்து, மூன்று முறை கணீரென்று சொன்னார். "டாட்டுன்னா என்னங்க?" என்று பூசாரி கேட்க, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பங்காளி ஒருவர், கணவருக்குப் பெரியப்பா மகன், தம்பி முறை, "அது கம்ப்யூட்டருக்குப் போடற புள்ளிங்க" என்று விளக்கம் சொன்னார். வெள்ளை வந்தது. கணவரின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் பிரதமை; பாட்டிமை என்போம், அன்றைக்கு நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டோம். அடுத்த நாள் காலையில் சென்டர் திறக்கும்போதே போய் நின்றேன். பாய் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெயர் போய்விட்டது. யார் எடுத்தது என்று தேடினார். திருப்பூர் விலாசம் வந்தது. புள்ளிக்கு விளக்கம் சொன்ன அதே தம்பி.

அங்கே இருந்தே அவருக்குப் போன் செய்தேன். திட்ட வேண்டும் என்றுதான் செய்தேன். அவரோ கொஞ்சமும் பதறாமல் பேசினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள்.

"ஏனுங் நங்கை, இதுல தப்பு என்னங்க இருக்குது? சாமி நம்ம எல்லாருக்கும் பொதுத்தானுங்களே. நானும் அங்கதானுங்க கும்பிட்டுட்டு நின்னேன். அந்த வெள்ளப் பூ எனக்குந்தானுங்க வந்துச்சு."

"பாட்டிமையில எப்படிங்க தம்பி பதிஞ்சீங்க?"

"பாட்டிமையில இல்லீங்க. அமாவாசை அன்னைக்கே, ஊட்டுக்குப் போன உடனே செஞ்சுபோட்டேன்."

அவர் ஏமாற்றவில்லை. அதை மனதார நம்பித்தான் சொன்னார். அதற்கு மேல் நான் என்னவென்று சண்டை போடுவது? போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த அழுகை. பாய் ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, வாடிக்கைக்காரர்களை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றி உட்கார வைத்தார்.

கணவர் கேட்டதும் சுருண்டுவிட்டார். "சாமி அவனுக்குக் குடுத்துருச்சு, நமக்கு இல்லைன்னு ஆயிருச்சு. உட்ரு அம்மணி" என்றார். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. நான் விடவில்லை. பாயும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து தேடினோம். பம்ப் என்று வரும் பெயர், அக்வா என்று வரும் பெயர், சொல்ல நன்றாக இருந்த எல்லாமே போயிருந்தன. எங்களைப்போல ஊர் உலகமே பெயருக்கு அலைந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் ஊர்ப் பெயரின் முன்பாதியோடு தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டினோம். காலியாக இருந்தது. சின்னப் பெயர், ஒருமுறை சொன்னால் போதும்.

கணவரிடம் மன்றாடினேன். பதினொரு பேரின் வீட்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கெஞ்சினேன். "சாமி இல்லாத பேரு. அதையும் கேக்காம வெச்சா எப்படி?" என்றார். சரி, கேட்போம் என்றேன்.

அமாவாசைக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை. மறுநாளே ஈரோடு பஸ் ஏறினோம். கோவிலில் எங்களையும் பூசாரியையும் தவிர ஆள் இல்லை. பொட்டலம் கட்டுவது பெண்கள் வேலை. கோவிலுக்குப் பின்னால் போய், அரளிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு இலையிலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டினேன். சாமி என் கண்ணைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும், பட்டறை இருந்தால் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு அவ்வளவு கெட்டியாகத்தான் இருந்தேன்.

கணவர் புதுப் பெயரை மூன்று முறை சொன்னார். பூசாரி எடுத்தார். வெள்ளை.

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நான் கையை நீட்டினேன். அதற்குள் கணவர் எடுத்துக்கொண்டார். கோவிலுக்குக் கீழே இருந்த வாய்க்காலில் படி இறங்கினார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் விடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவர் ஏறி வந்தபோது, பொட்டலம் கட்டிய நார் அவர் விரலில் சுற்றியிருந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் நார் தனியாக வராது.

பஸ் ஈரோட்டை நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே, "போன உடனே பதிஞ்சுபோடு அம்மணி. நாள் கீள் பாக்க வேண்டாம்" என்றார்.

அன்றே பதிந்தோம். பாய் சொன்னபடி நாலு பக்கம் போட்டுக் கொடுத்தார். மாதக் கடைசிக்கு முதல் நாள் முகவரியை ஃபேக்ஸ் செய்தேன். ஆர்டர் வந்தது. பதினொரு பேரும் இருந்தார்கள், தீபாவளிக்குப் பிறகும் லேத்து ஓடியது. கப்பலேற்றிய அன்றைக்கு எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். கணவரும் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் காரியத்துக்கும் பூ கேட்கப் போகவில்லை. அமாவாசைக்குக் கோவிலுக்கு வருவார், பங்காளிகளோடு நிற்பார், சாமியிடம் எதையும் கேட்க மாட்டார். சில வருடம் கழித்துப் பெண்ணுக்கு வரன் வந்தபோது, பூ கேட்டுவிடலாமா என்று நானேதான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கு அம்மணி? உனக்குச் சரின்னு பட்டாச் செஞ்சுபோடு" என்றார்.

கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.