நிற்கவும் விடாத கால், உட்காரவும் விடாத கால்

ட்வைலா சோப்சாக் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் அடங்கி உட்காருகிறவள் இல்லை. விஸ்கான்சினின் வடகோடியில், ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் ஹார்லன் லேக்கில் பிறந்தவள். அங்கேயே படித்து, அங்கேயே படகு மோட்டார் பழுதுபார்க்கும் கர்ட்டைக் கட்டிக்கொண்டு, டெனிஸ் நடத்தும் டைனர் உணவகத்தில் பாதி வாழ்க்கையைத் தட்டுத் தூக்கியே கழித்தாள். ஒரு கையில் நாலு தட்டு, மறு கையில் காபிக் குடுவை, வாய் நிறையப் பேச்சு. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் கூட்டத்தில் அவள் ஒருத்தி மூன்று பேர் வேலையைச் செய்வாள் என்று டெனிஸ் பெருமை பேசுவாள். வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிள். நாற்பதை நெருங்கும்போதுதான் ஓட்டக் கற்றாள். கற்ற நாளிலிருந்து, வீட்டுக்கு நேர்வழி இருக்க ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அப்படிப் போன ஓர் ஆகஸ்ட் மத்தியானம், மீன்பிடி இரை விற்கும் கடைக்கு எதிரே, எதிர்த்திசையில் வந்த ஒரு பிக்கப் வண்டி திடீரென்று அவள் பாதைக்குக் குறுக்கே இடப்பக்கம் திரும்பியது. பிரேக்கைப் பிடித்தது வரைக்கும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது முதுகுக்குக் கீழே சரளைக்கல். இடது கால் தன்னுடையதே இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

வண்டி ஓட்டியவர் எல்ராய் குண்டர்சன். ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ட்வைலாவையே மழையிலும் பனியிலும் ஏற்றி இறக்கியவர். மனைவி காலமானபிறகு ஊருக்கு வெளியே ஒரு நாயோடு தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜாடி ஊறுகாய் மீனோடு வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெயில் கண்ல அடிச்சிருச்சு பொண்ணு. சத்தியமா வெயில்தான்."

"விடுங்க எல்ராய். உயிரோடதானே இருக்கேன்," என்றாள் அவள். மருந்து மயக்கத்தில் யாரை வேண்டுமானாலும் மன்னித்திருப்பாள்.

வெயில் கண்ணில் அடித்த கதை ஊர்க் கதையாகிவிட்டது. போலீஸ்காரர் அபராதச் சீட்டுக் கொடுத்தார், எல்ராய் கட்டினார், முடிந்தது. ட்வைலாவுக்குத்தான் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எஃகுத் தண்டு, கணுக்காலில் திருகாணிகள், மறுபடி அறுவை, மறுபடி ஊன்றுகோல். ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தும் கால் அவளுக்கு அடங்கவில்லை. நின்றால் வீங்கும். உட்கார்ந்தால் எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பாதத்தின் ஓரம் மரத்தே போனது, ஆனால் மரத்த இடத்திலேயே எரியவும் செய்தது. "இதுக்கு மேல பெருசா மாற்றம் எதிர்பாக்காதீங்க," என்று மருத்துவர் கதவருகே நின்றபடி சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் எங்கே போனாலும் அவள் நடந்தபடியே இருந்தாள். தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் அங்குமிங்கும் நடப்பாள். மகள் கெல்சி பட்டம் வாங்கிய அன்று நாற்காலி தாங்காமல் எழுந்து நடைகூடத்துக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து உள்ளே மகளின் பெயரை அழைத்துவிட்டார்கள். சுவருக்கு அப்பால் கைதட்டல் மட்டும் கேட்டது.

டைனரில் டெனிஸ் அவளுக்குக் காலைப் பொழுது மட்டும் வேலை கொடுத்தாள். எல்ராய் தினமும் வந்து ஜன்னலோரம் உட்காருவார். இரண்டு முட்டை, ரொட்டி, கறுப்புக் காபி. கொண்டுபோய் வைப்பவள் ட்வைலாதான். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும், "இன்னைக்கு என்ன சூப்பு?" என்று அவளைத்தான் கேட்பார். பேச்சுக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

நவம்பரில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குக் காரில் போகும்போது கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினாள். இறங்கி உதறி நடந்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். அதே இரைக்கடை, ஏறக்குறைய அதே நேரம். விபத்துக்குப் பிறகு அவள் அங்கே நின்றதே இல்லை. தெற்கே பார்த்து நின்றவளுக்குக் கண் கூசியது. கையால் நெற்றிக்கு மறைப்புப் பிடித்தாள். தெற்கிலிருந்து ஒரு லாரி வந்தது, வெயிலை முதுகில் சுமந்துகொண்டு. ஓட்டுநரின் முகம் நிழலில் இருந்தது.

எல்ராயும் அன்று தெற்கிலிருந்துதான் வந்தார்.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கர்ட் அடுக்களை மேசைமேல் செய்தித்தாள் விரித்து ஒரு மோட்டார் பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கர்ட், அன்னைக்கு எல்ராய் கண்ல வெயிலே படல. வெயில் அவர் முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. கூசியிருந்தா எனக்குத்தான் கூசியிருக்கணும்."

கர்ட் துடைப்பதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

"ட்வைலா, முதல்ல உக்காரு."

"என்னால உக்கார முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? சொல்லு."

அவன் துணியைக் கீழே வைத்தான். "போன மான் வேட்டைக்குப் போனப்ப அவர் பையன் டேரில் குடிச்சிட்டு உளறினான். கிழவருக்குக் கண்ணு நடுவுல கறுப்பா விழுந்திருச்சாம். ஓரமெல்லாம் தெரியுதாம், நேரா இருக்கறது தெரியலையாம். டாக்டர் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாராம்."

"எப்ப சொன்னாராம்? எனக்கு அடிபடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் அடுப்பு வரை நடந்தாள், கதவு வரை நடந்தாள், திரும்பினாள்.

"ஒரு வருஷம். ஒரு வருஷமா நான் அந்த ஆளுக்குக் காபி ஊத்திக்கிட்டிருக்கேன். நீ வாயப் பொத்திக்கிட்டிருந்திருக்க."

"சொல்லி என்ன ஆகும்? உன் கால் திரும்பி வந்துருமா? அவர்கிட்டேர்ந்து வண்டியப் புடுங்கினா முதியோர் இல்லம்தான். ஒரே குளிர்காலத்துல செத்துருவாரு."

"அதுக்காக இன்னொருத்தி கால் போகட்டுமா? பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்க மேல ஏத்தட்டுமா?"

"நான் அவர்கிட்டப் பேசலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? அவர் கருமாதியிலயா?"

அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டாள்.

எல்ராயின் வீட்டு முற்றத்தில் மேலோட்டமாக உறைந்த பனி. ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நடந்தாள். அவர் தாழ்வாரத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கிழட்டு நாய் டஃபி. காலடி கேட்டதும் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தபால்காரப் பொண்ணு டெபியா? பார்சல அங்கயே வெச்சிட்டுப் போ."

"டெபி இல்ல. ட்வைலா."

விறகு கையிலேயே நின்றது. "ஊன்றுகோல் சத்தத்துலயே கண்டுபிடிச்சிருக்கணும். உள்ள வா, காபி போடறேன்."

"காபி வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்னப் பாத்தீங்களா?"

அவர் நாயைத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"ரோடு காலியா இருந்துச்சு," என்றார் கடைசியில். "எனக்குக் காலியாத்தான் தெரிஞ்சுது. அப்புறம் சத்தம். இறங்கிக் கிட்ட வந்தும் யாருன்னு தெரியல. நீ கத்தினியே, அந்தக் குரல வெச்சுத்தான் நீன்னு தெரிஞ்சுது."

ட்வைலா தூணைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் வேண்டுமென்று அலைந்தது இந்த வார்த்தைதானோ என்னவோ. கிடைத்தும் ஆறுதலாக இல்லை.

"சாவியக் குடுங்க எல்ராய்."

"போ பொண்ணு, வேலையப் பாரு."

"குடுங்க."

"முப்பது வருஷம்! இந்த ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணு மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. நீயும் அதுல ஒருத்திதான். என்கிட்ட வந்து சாவி கேக்கறியா?"

"அந்தப் பஸ் டிரைவர்கிட்டத்தான் கேக்கறேன். அவர் குடுத்திருப்பாரு."

அவர் முகம் சிவந்தது. "குடுத்துட்டு? நாலு சுவத்தப் பாத்து உக்காந்திருக்கணுமா? நாள் பூரா ஒரே எடத்துல கெடக்கறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து நாயின் கழுத்தைச் சொறிந்தார். ட்வைலா பாரத்தை வலது காலுக்கு மாற்றி நின்றாள்.

"நாளைக்குப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போடப்போறேன். முதுகுக்குப் பின்னால செஞ்சேன்னு இருக்கக்கூடாது. அதான் நேர்ல வந்தேன்."

"என் வீட்ட விட்டு வெளிய போ," என்றார் எல்ராய்.

சொன்னபடி போன் போட்டாள். கண் சோதனைக்கு அழைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே உரிமம் போய்விட்டது. டேரில் வந்து வண்டியை எடுத்துப் போனான்.

சின்ன ஊரில் செய்தி நடக்காது, பறக்கும். காலைக் கூட்டத்தில் சிலர் ட்வைலாவின் பக்கத்து மேசைகளை விட்டு அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். "கெழவன் மேல உனக்கென்ன வன்மம்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். "நீங்க நாளைக்கு நடந்தே வாங்க. அவர் எதிர்ல வரமாட்டார், பயப்படாதீங்க," என்று அவள் காபியை ஊற்றினாள். டெனிஸ் மட்டும் அடுக்களையில் அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். வீட்டில் கர்ட்டும் அவளும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். ஒரு நாள் அவன், "தப்பு என்மேலதான்," என்றான். "ஆமா," என்று சொல்லிவிட்டு அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

ஜன்னலோர மேசை காலியாகவே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காலைவிட மனசு அதிகம் குடைந்தது. செய்தது சரிதான் என்று தெரியும். சரியாகச் செய்துவிட்டால் நிம்மதி வரும் என்று யார் சொன்னது?

ஜனவரியில் ஒரு விடியற்காலை, ஏரி முழுக்க உறைந்திருந்தபோது, அவள் எல்ராயின் வீட்டு முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். திரை அசைந்தது. அவர் வரவில்லை. மறுநாளும் அடித்தாள். அதற்கடுத்த நாள் அவர் கதவைத் திறந்து, "ஊரையே எழுப்பாத!" என்று கத்தினார்.

"ஊரு எட்டு மைல் தள்ளி இருக்கு. வர்றீங்களா இல்லையா? முட்ட ஆறுது."

அவர் உள்ளே போய்விட்டார். போகட்டும் என்று அவள் காரைத் திருப்பப் போனபோது, தொப்பியோடு வெளியே வந்தார். நாய் முந்திக்கொண்டு பின்சீட்டில் ஏறியது.

பாதி வழியில் அவர், "வளைவுல இவ்வளவு வேகம் ஆகாது," என்றார்.

"நீங்க பேசாம வாங்க."

"பேசத்தான் பேசுவேன். நான் ஓட்டினவன்."

"தெரியும். எனக்கு எதிர்லயே ஓட்டினீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அவள் கெண்டைக்கால் இறுகத் தொடங்கியது. ஓரம் கட்டி இறங்கினாள். காதை அறுக்கும் குளிரில் காரைச் சுற்றிச் சுற்றி நொண்டி நடந்தாள், வலியில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக்கொண்டு. உள்ளே கிழவரும் நாயும் காத்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்து மறுபடி உட்கார்ந்ததும், "சரியாயிருச்சா?" என்றார் அவர்.

"இல்ல," என்று சொல்லி ட்வைலா வண்டியைக் கிளப்பினாள்.