எடுத்த பெயரை எங்கே வைப்பது?

அச்சுக் கோர்ப்பவனுக்கு எழுத்தை அடுக்குவது பாதி வேலை. அடுக்கியதை எடுக்கச் சொல்லி வருகிறவர்களைச் சமாளிப்பது மீதி வேலை. இப்போது கணினியில் ஒன்றை அழித்தாலும் பழைய பிரதி உள்ளே பத்திரமாக இருக்குமாம்; மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாமாம். எண்பதுகளில், ஊர்காவற்றுறையில், எங்கள் மிதி அச்சு யந்திரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. எடுத்த வரியை உடனே கலைத்து, ஈய எழுத்துகளை அதனதன் அறையில் போட்டுவிடுவோம். மனிதர்களுக்கு மனம் மாறுவது மட்டும் அப்போதும் இருந்தது. அவசரத்தில் ஒன்றை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

மாமாவின் இடம்

ஒரு கலியாண அழைப்பிதழ். பெண்ணின் தாய்மாமன் பந்தல் விஷயத்தில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். "அவரின்ர பேரை எடும்" என்றார் பெண்ணின் தகப்பன். எடுத்தேன், கலைத்தேன், கீழ் வரிகளை மேலே தள்ளி இடைவெளியை மூடினேன். மறுநாள் இருவரும் சமாதானம். பேரை வைக்கச் சொல்லி ஆள் வந்தது. முன்பு இருந்த இடத்தை எங்கே போய்த் தேட? அடியில் கொஞ்சம் காலியாக இருந்தது, அங்கே வைத்தேன்.

அழைப்பிதழ் கைக்குப் போனதும் மாமா சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே அச்சகத்துக்கு வந்தார். பெரியப்பாவுக்கு அடுத்ததாக இருந்தவர், இப்போது மீசை முளைக்காத ஒருவனுக்கும் கீழே. "என்னை எடுக்கச் சொன்ன அத்தானை மன்னிச்சிட்டன். கடைசியில கொண்டுபோய் வைச்ச உம்மைத்தான் மன்னிக்க ஏலாது."

எடுக்கச் சொன்னது யார்?

அன்றிலிருந்து எடுத்த வரியை நான் கலைப்பதில்லை. சணல் நூலால் கட்டித் தட்டில் வைப்பேன். அது இருந்த இடத்தில் அதே அளவு வெற்று ஈயத்துண்டு ஒன்றைச் செருகிவிடுவேன்.

அப்படியும் மண்கும்பான் கரப்பந்தாட்டக் கழகத்திடம் தப்ப முடியவில்லை. காலையில் செயலாளர் வந்து போட்டி நோட்டீசிலிருந்து பிரதம விருந்தினரின் பெயரை எடுக்கச் சொல்வார். பின்னேரம் தலைவர் வந்து அதே பெயரை வைக்கச் சொல்வார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. நூலை அவிழ்த்தும் கட்டியும் எனக்கு விரல் நொந்துபோனது. கடைசியில் இருவரையும் ஒன்றாக வரச்சொல்லி வாங்குப் பலகையில் இருத்தினேன். செயலாளர் மெல்ல எழும்பி வந்து என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, எடுக்கச் சொன்னது நான்தான் எண்டு தலைவருக்குச் சொல்லிப்போடாதையும்."

எழுத்துப் பஞ்சம்

எல்லாவற்றையும் கட்டி வைத்தால் எழுத்துக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்ததே சொற்பம். தட்டு நிறைய நூல்கட்டுகள் கிடப்பதை முதலாளி ஒருநாள் கண்டுவிட்டார். "இது அச்சகமோ, அடைவுகடையோ? மீட்க வராததெல்லாத்தையும் இண்டைக்கே கலையும்."

புளியங்கூடல் கல்வெட்டு

கலைத்துக்கொண்டே போனேன். ஒரு நூல்கட்டில் மட்டும் கை நின்றது.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். இறந்தவரின் வரலாறு, தேவாரம், பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் அதில் வரும். அதில் பெயர் இல்லையென்றால் அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று ஊருக்கு அறிவித்த மாதிரி. புளியங்கூடலில் வயல் செய்த கமக்காரர் ஒருவரின் கல்வெட்டு எங்களிடம் இருந்தது. மூத்த மகன் தன் கைப்பட நாலு பிள்ளைகளையும் மருமக்களையும் எழுதித் தந்திருந்தார். மறுநாள் சித்தப்பாவோடு வந்து, நிலத்தைப் பார்த்தபடி, "மூண்டாவதை எடும்" என்றார். மூன்றாவது, அவருடைய தங்கை பரமேஸ்வரி. கரம்பொனில் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனவள். சித்தப்பா அருகில் நின்று, நான் எடுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் கலைக்காமல் விட்டதற்கு அடுத்த நாள் அவளே அச்சகத்துக்கு வந்தாள். செத்தவீட்டுக்கும் அவளைச் சேர்க்கவில்லையாம். "அப்பாவின்ர கல்வெட்டில என்ர பேர் இருக்கோ?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. நூல்கட்டைக் காட்டினேன். ஈயத்தில் எழுத்து இடம்வலம் மாறித்தான் தெரியும். விரலை வைத்து மெல்ல மெல்ல வாசித்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கணவன் பெயரில் விரல் நின்றது. "இவரின்ர பேரையும் பெரியண்ணையே எழுதினவர்?" என்றாள். ஓம் என்றேன். "இதைக் கலைச்சுப்போடுவியளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் தமையன், அடிக்கும் முன் கடைசியாகச் சரிபார்க்க வந்தார், தனியாக. மாதிரித் தாளில் இரண்டாவது பிள்ளைக்கும் நாலாவது பிள்ளைக்கும் நடுவில் வெள்ளையாகக் கிடந்த இடத்தைத் தொட்டு, "இதென்ன?" என்றார்.

"தங்கச்சியின்ர இடம் அண்ணை. காலமை அவ வந்தவ."

"என்னவாம்?"

"பேரை வாசிச்சவ. கலைச்சுப்போடுவியளோ எண்டு கேட்டவ. வேற ஒண்டும் கேட்கேல்லை."

தாளை மடித்தார், பிறகு விரித்தார். வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வையும். சித்தப்பா கேட்டால், அச்சகக்காரன் கவனமில்லாமல் திருப்பி வைச்சிட்டான் எண்டு சொல்லுறன்."

அதன் பிறகு சித்தப்பா என்னைக் கண்ட இடமெல்லாம் 'கவனமில்லாதவன்' என்று ஏசினார். இத்தனை வருடத் தொழிலில் நான் வாங்கிய நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.