ஜைனபின் வயிற்றில் வைத்த ஐந்து துணிகள்

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டாக்டர் ரோகிணிக்கு வாய்த்ததெல்லாம் குடலிறக்கமும் பித்தப்பைக் கல்லும் மூலமும்தான். செக்கானூரணிக்குத் தெற்கே, அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். அரசு மருத்துவமனையில் விபத்துக் கேஸ்களைத் தைத்துத் தைத்து அறுவை சிகிச்சை படித்தாள். கிழிந்த குடலையும் நொறுங்கிய மண்ணீரலையும் பார்த்துப் பழகிய கைக்கு இந்த வேலை போதவில்லை. போர் நடக்கும் நாடுகளுக்கு டாக்டர்களை அனுப்பும் ஒரு தொண்டு அமைப்புக்கு விண்ணப்பம் போட்டது சேவை செய்யும் ஆசையில் மட்டுமல்ல. அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

"மதுரையில அடிபட்டவனே இல்லையா? அம்புட்டுத் தூரம் போகணுமா?" என்று கேட்டார் கணவர் சூரியபிரகாஷ். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"இங்க நான் இல்லேன்னா இன்னொருத்தர் இருக்காங்க. அங்க யாரும் இல்லைங்க."

அவளுடைய அம்மா அன்னக்கொடிக்கு அது சமாதானமாகவில்லை. "நீ போறது பெரிய புண்ணியமாவே இருக்கட்டும் தாயி. எனக்கு உன்னைய அனுப்ப மனசில்ல" என்றாள்.

முதலில் ஏமன், இரண்டு வருஷம் கழித்துத் தெற்கு சூடான். இரண்டு தடவையும் இளைத்துக் கறுத்து, ஆனால் முகத்தில் ஒரு தெளிவோடு திரும்பி வந்தாள். பிழைத்துப் போனவர்களின் முகங்கள் அவளுக்கு நினைவிருந்தன. மூன்றாவதாக, நாலாபக்கமும் முற்றுகையில் இருந்த ஒரு சூடான் நகரத்துக்குப் போனாள்.

ஆஸ்பத்திரி என்று அங்கே இருந்தது ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். ஜன்னல்களுக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு ரோகிணி ஒருத்திதான். கூட இருந்தவர் இத்ரிஸ், பதினைந்து வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க ஊசி போடுவதும் அவர்தான், கருவி எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். குண்டு விழும் சத்தம் கேட்டால் அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் சந்தையில் குண்டு விழுந்தது. தூக்கிவரப்பட்டவர்களில் ஜைனப் ஒருத்தி. சந்தை ஓரத்தில் தேநீர் விற்பவள், முப்பது வயதிருக்கும். இரும்புத் துண்டு ஒன்று கல்லீரலைப் பிளந்திருந்தது. கல்லீரலைத் துணி மாதிரி தைக்க முடியாது. ஊசி போகப் போகக் கிழியும். இருந்த ரத்தம் இரண்டே பை. ரோகிணி ஐந்து துணிகளை மடித்துக் கல்லீரலைச் சுற்றி அழுத்தி வைத்தாள். ரத்தம் நின்றது. வயிற்றை மூடாமல், சலைன் பையை வெட்டி மேலே தைத்துவிட்டாள். இரண்டு நாளில் மறுபடி திறந்து துணிகளை எடுத்துவிட வேண்டும். விட்டால் சீழ் பிடிக்கும்.

மறுநாள் காலையில் ஜைனப் கண் திறந்தாள். ஏதோ முனகினாள்.

"என்ன சொல்கிறாள்?"

"தன் கெட்டில் எங்கே என்று கேட்கிறாள். புதுசாம்" என்றார் இத்ரிஸ்.

அந்த ஊருக்கு வந்த பிறகு ரோகிணி வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அன்று மதியம் அமைப்பிலிருந்து சாட்டிலைட் போனில் உத்தரவு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும், இன்றைக்கு ஒருநாள்தான் சாலை திறந்திருக்கிறது.

"நாளைக்கு எனக்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்" என்றாள் ரோகிணி.

"நாளைக்குச் சாலை இருக்காது டாக்டர். நீங்கள் தங்கினால் உங்கள் ஓட்டுநரும் தங்குவார். அவருக்கு நாலு குழந்தைகள்."

போனை வைத்தாள். இப்போதே திறந்துவிடலாமா என்று யோசித்தாள். நாற்பது நிமிஷ வேலை. ஆனால் ஒருநாள் சீக்கிரம். ரத்தம் பீறிட்டால் கொடுக்க ஒரு சொட்டு இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தாள். மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் இத்ரிஸுக்குப் படம் வரைந்தாள். துணிகளை முதலில் நனைக்க வேண்டும், ஒவ்வொன்றாக மெதுவாக இழுக்க வேண்டும், ரத்தம் வந்தால் திரும்ப வைத்து அழுத்த வேண்டும்.

"நான் கருவி எடுத்துக் கொடுப்பவன், டாக்டர்."

"தெரியும் இத்ரிஸ்."

வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜைனப் அவள் விரலைப் பிடித்து, வயிற்றை எப்போது மூடுவாய் என்று சைகையில் கேட்டாள். ரோகிணிக்குத் தெரிந்த அரபிச் சொற்களில் 'நாளைக்கு' ஒன்று. அதைச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

மதுரை வந்து சேர ஆறு நாளாயிற்று. விமான நிலையத்திலிருந்து வில்லாபுரம் வழியாகச் சூரியபிரகாஷ் அவளை அழைத்து வந்தார். ஆனையூர் வீட்டில் அன்னக்கொடி மகளின் தலையைத் தடவிப் பார்த்து அழுதாள். ரோகிணி இத்ரிஸுக்கு வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. மறுவாரம் நர்சிங் ஹோமுக்குப் போனாள்.

உள்ளூர்ச் சங்கம் ஒன்று அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. 'போர்முனையில் நம் மதுரை மகள்' என்று அவள் படத்தோடு பிளெக்ஸ் கட்டினார்கள். சால்வை போர்த்திய சோணைமுத்து என்ற பெரியவர் மைக்கை நீட்டி, "மேடம் எத்தனை உயிரைக் காப்பாத்தினாங்கன்னு அவங்க வாயாலயே கேப்போம்" என்றார்.

"தெரியலைங்க" என்றாள் ரோகிணி. தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஏழு வாரம் கழித்துப் போனில் இத்ரிஸின் குரல் வந்தது. எல்லை தாண்டி, ஒரு அகதி முகாமிலிருந்து.

"மூன்றாம் நாள் திறந்தேன், டாக்டர். மூன்று துணி சுத்தமாக வந்தது. நாலாவதை எடுத்ததும் ரத்தம். நீங்கள் சொன்னபடி திரும்ப வைத்து அழுத்தினேன். நிற்கவில்லை. மாலைத் தொழுகை வரைக்கும் இருந்தாள். அடுத்த வாரம் ஊருக்குள் புகுந்து ஆஸ்பத்திரியைக் கொளுத்திவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் வந்துவிட்டோம். உங்கள் படத்தில் தவறில்லை."

நடக்க முடியாதவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரோகிணியும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் போனைக் கவிழ்த்து வைத்தாள். சூரியபிரகாஷுக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"நீ இருந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

"பாதிக்குப் பாதி."

"நீ போகாமலே இருந்திருந்தா அவ அன்னைக்கே செத்திருப்பால்ல?"

"ஆமா. நான் போனதுனால மூணு நாள் கூட வலிச்சுது. அவ்வளவுதாங்க."

அவர் கணக்கு வாத்தியார். அதற்கு மேல் போட்டுப் பார்க்க அவரிடம் ஒன்றுமில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவினார்.

அடுத்த வருஷம் எப்போது வரமுடியும் என்று அமைப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வரமுடியாது என்று ஒரு வரியில் எழுதினாள். இத்ரிஸுக்கு எங்காவது ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அவர்களையும் கேட்டாள், தனக்குத் தெரிந்த மற்ற இடங்களுக்கும் எழுதினாள். பார்க்கிறோம் என்றார்கள் சிலர். பலர் அதையும் சொல்லவில்லை.

முகாமில் டாக்டர் கிடையாது. இத்ரிஸைச் சுற்றித்தான் கூட்டம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அவளுக்குப் படம் அனுப்புவார். போன வியாழக்கிழமை நர்சிங் ஹோமில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று வந்தது. யாருடையதோ ஒரு முழங்கால், கறுத்து வீங்கியிருந்தது. ரோகிணி முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "ஒரு நிமிஷம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பதில் எழுதினாள்.

'என்ன மருந்து இருக்கிறது?'

'எதுவும் இல்லை.'

'கத்தி?'

'இருக்கிறது. மயக்க மருந்து இல்லை.'

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். காலை வெட்டி எடுத்தால் ஒருவேளை பிழைக்கலாம். மயக்க மருந்தில்லாமல் எடுக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

'உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். காலை உயர்த்தி வையுங்கள்' என்று எழுதினாள்.

அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இத்ரிஸுக்கும் தெரியும். 'நன்றி டாக்டர்' என்று பதில் வந்தது.