சட்டைக்குள் நான் இருந்தேன்

இன்று ஒரு ஜவுளிக்கடையில் புதுப் பருத்தித் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும், இப்போது செல்போன் விற்கும், அன்று ஜவுளிக்கடையாக இருந்த சிதம்பரம் மேலவீதிக் கடைக்குள், அறுபதுகளின் கத்திரி வெயிலில், துணி கிழிபடும் சர்ரென்ற சத்தத்துக்கு நடுவே, அம்மாவோடும் மாமாவோடும் கோரைப்பாயில் மறுபடி சிறுவனாக உட்கார்ந்துவிட்டேன். கடலூர் பெரியப்பா வாங்கித் தந்த, காற்றே புகாத நைலான் சட்டைக்குள் அவிந்துகொண்டிருந்தேன். எனக்குப் பருத்திச் சட்டை எடுக்கத்தான் வந்திருந்தோம்; நானோ நைலானைக் கழற்ற மாட்டேன் என்று வீரம் பேசினேன்.

எந்தத் துணியானாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது மாமாவின் வழக்கம். பருத்தி சாம்பலாகும், நைலான் உருகிச் சொட்டும். அன்று உருவ மறந்து, என் சட்டை ஓரத்தில் தொங்கிய நூலிலேயே தீக்குச்சியை வைத்தார்.

“மாமா, உள்ள நான் இருக்கேன்!”

“ஆடாதடா, பாத்துக்கிட்டிருக்கேன்ல.”

“பாயில சொட்டிடப் போவுதுங்க,” என்று பதறினார் கடைக்காரர்.

நெருப்பு வயிற்றை நோக்கி ஏறியது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். வியர்வையில் ஒட்டிய நைலான் என் தோலாகவே மாறியிருந்தது. அம்மா பாய்ந்து, முந்தானையால் நெருப்பைக் கசக்கி அணைத்தாள்.

“எனக்குக் காட்டனே போதும்,” என்று அழுதேன்.

“அப்படிச் சொல்லு! காட்டன்தான் சொட்டாம எரியும், பாக்குறியா?” என்று மாமா அடுத்த குச்சியை உரசினார்.