கெட்டிமேளத்துக்கு எழும்பிய தண்ணீர்

காரைக்குடியில் பம்புசெட்டு பழுதுபார்க்கும் வைரவன் ஆசாரிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு பொருட்காட்சியில் பாட்டுக்கு ஆடும் நீரூற்றைப் பார்த்துவிட்டு வந்தவர், 1967 ஆவணியில் மானகிரி நீலாயதாட்சி ஆச்சி மகள் கல்யாணத்துக்கு அதேபோல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

"தாலி ஏறுற நேரத்துல, திருப்பூட்டுறப்ப, தண்ணி ஓட்டுக்கு மேல போகும் ஆச்சி. போகலைன்னா இனி ஸ்பானரைத் தொடமாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டார்.

முற்றத்தில் பன்னிரண்டு குழாய். பதினொன்றுக்கு மோட்டார் நேரே தண்ணீர் தள்ளும். அவற்றை மேளத்துக்கு ஏற்ப அவரும் மனைவி ராமுத்தாயும் திறந்து மூட வேண்டும். நடுக்குழாய்க்கு மட்டும் தனி இரும்பு உருளை. உள்ளே தண்ணீரும் காற்றும் நெருக்கி அடைத்திருக்கும். திறந்தால் ஒரே பாய்ச்சல். மறுபடி நிரம்பக் கால் மணி ஆகும்.

ஒத்திகையில் தண்ணீர் தாளத்துக்குப் பின்னால் நொண்டியது. திறந்த தண்ணீர் உச்சிக்குப் போக ஒரு விநாடி பிடிக்கிறதே! இனி காதை நம்பாமல் தவில்காரர் வீரையாவின் கையைப் பார்ப்பது, கை ஓங்கியதும் திறப்பது என்று முடிவு செய்தார். கெட்டிக்காரர்தான்.

முகூர்த்த நாளில் மாப்பிள்ளை இன்னும் மணைக்கு வரவில்லை. பெண்ணின் தாய்மாமன் மூக்கை உறிஞ்சி வாயைத் திறந்தார். நல்ல காரியத்தில் தும்மல் காதில் விழலாமா? அதைக் கெட்டிமேளத்தில் அமுக்க வீரையா கையை ஓங்கினார். அந்தக் கையை மட்டுமே பார்த்திருந்த வைரவன் நடுக்குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓட்டைத் தாண்டிப் பாய்ந்தது, தும்மலுக்கு.

கூட்டம் வாய்பிளந்தது. திருப்பூட்டுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை, உருளையோ காலி. ராமுத்தாய்தான் பதறாமல் சொன்னாள்: "பதினொண்ணுக்குப் பங்கு வைக்கிற தண்ணிய ஒண்ணுக்கே விடுங்க."

உருளையைக் கழற்றி, மோட்டார் குழாயை நேரே நடுக்குழாயில் மாட்டினார். மற்றதையெல்லாம் அவள் அடைத்தாள். ஊற்று அடங்கியதும், அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாலு பேர் சிரித்தார்கள். திருப்பூட்டும் கை பெண்ணின் கழுத்தருகே போனது. வீரையா ஓங்கினார். தண்ணீர் ஏறியது, ஓட்டருகில் தயங்கியது, பிறகு ஒரு முழம் மேலே போய் எல்லார் தலையிலும் தூவியது. வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆச்சி நேரே அவரிடம் வந்தார். "ஒண்ணுதான் சொன்னீக ஆசாரி. ரெண்டு விட்டுட்டீக."

உண்மையைச் சொல்லப்போனவரை ராமுத்தாய் ஒரு பார்வை பார்த்தாள். அவர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

மறுவாரமே பள்ளத்தூரிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் முறைப்படி இரண்டு தடவை விட வேண்டுமாம்.