செகண்ட் வாய்ஸ் பாட வந்த அக்கா

தென்காசியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாதி டேக்கில் கரண்ட் போனால்கூடப் பதறமாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவும் தங்கச்சியும் ஒன்றாக உள்ளே வந்த அன்றைக்குப் பதறிவிட்டேன்.

தங்கச்சி செல்வி, சுரண்டைக்காரி. தானே எழுதி, மெட்டுப்போட்டு, பாடுகிறவள். அவள் பாட்டுக்கெல்லாம் பின்னால் சேர்ந்து பாடுகிற செகண்ட் வாய்ஸ் அக்கா வசந்தாதான். வசந்தா வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிச் செங்கோட்டைக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது.

புதுப் பாட்டுக்கு வேறு ஆட்களை வைத்துப் பார்த்தோம். சுருதியெல்லாம் சுத்தம். குரல்தான் ஒட்டவே இல்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குள் பாட்டு வெளியாக வேண்டும்.

"அவளையே கூப்பிடுங்க அண்ணாச்சி. பாட்டு எதப்பத்தின்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள் செல்வி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் வசந்தா. இந்தப் பக்கம் என்னருகே செல்வி.

"அவ வாய்ஸ ஹெட்போன்ல கூட்டி வைங்க அண்ணாச்சி" என்பாள் வசந்தா.

"அவள இழுக்காமப் பாடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பாள் செல்வி.

நடுவில் தூதுவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற டாக்பேக் பட்டனை அமுக்கி அமுக்கி விரலெல்லாம் வியர்வை.

பாட்டு, வசந்தா வீட்டைவிட்டுப் போன கதை. 'அழுதுகிட்டே போனாளே எங்கக்கா' என்ற வரி வந்ததும் வசந்தா கையைக் காட்டி நிறுத்தினாள். போச்சுடா! பாட்டும் போச்சு, இனி இதுக ரெண்டும் ஜென்மத்துக்கும் சேராது என்று ரெக்கார்டிங்கை நிறுத்தினேன்.

"நான் எங்க அண்ணாச்சி அழுதேன்? சிரிச்சிக்கிட்டுல்லா போனேன். மாடியில நின்னு அழுதது அவதான். பஸ் திரும்புத வரைக்கும் பாத்துக்கிட்டேதான் போனேன். வரிய மாத்தச் சொல்லுங்க. இல்லன்னா நான் பாடல."

செல்வி பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா சொல்லட்டும்?" என்றேன்.

என் கையைத் தள்ளிவிட்டு அவளே பட்டனை அமுக்கினாள்.

"ஆமா, நான்தான் அழுதேன். அதுக்கென்ன இப்பம்? 'அழுதுகிட்டே நின்னேனே நானக்கா'ன்னு மாத்துதேன். பாடு."

வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள். அந்த டேக்கைத்தான் வெளியிட்டோம்.

புதிதாக ஸ்டுடியோ போடுகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். ஒருத்தரைப் பற்றிய பாட்டென்றால், ஃபைனல் மிக்ஸுக்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டிவிடுங்கள். சண்டை வரும். வரட்டும். சண்டை முடிந்து வருகிற பாட்டைத்தான் நான் இப்போது வெளியே விடுகிறேன்.