வாசனை இல்லாத கதவு

என் தம்பி பெண்டாட்டியை நான் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. முன்பக்கம் கடை வெளிச்சமாக ஜொலிக்கும். பின்னால் போனால் ஒரு ஜன்னல், ஒரு முக்காலி, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சாணைச் சக்கரம், அவ்வளவுதான். சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். வட்டமாக வரும் கண்ணாடியை அதில் பிடித்து, பிரேமுக்குத் தக்கபடி ஓரத்தைத் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்ததும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். எதிர்க் கட்டடமும் மரமும் அதற்குள் கரைந்து, வளைந்து, மறுபடி ஒன்று சேரும். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இவள் பகலிலேயே கனவு காண்கிற ஜாதி. நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். அவளும் 'ம்' கொட்டுவாள். ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது பழகிவிட்டது. அவள் திரும்பி வரும்வரை நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் போதும், உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போவாள். தூக்கத்தில் சமைப்பாள். இதை அவளே ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

"வெங்காயம் நறுக்குறேன் அண்ணி, கண்ணு கரிக்குது. எண்ணெய் காயுது. உருளைக்கிழங்கைப் போட்டதும் சொய்ங்னு சத்தம் வருது. எல்லாத்தையும் இறக்கி வெச்சு, அடுப்பைத் துடைச்சுட்டு நிமிர்ந்தா நம்ம ஸ்டாப்பு."

இறங்கி நடக்கும்போது தோள்பட்டை வலிக்குமாம். சமைத்து முடித்த அலுப்பு உடம்பெல்லாம் இருக்குமாம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அடுப்பு காலையில் துடைத்தபடி சில்லென்று கிடக்கும். இன்னொரு தடவை யார் சமைப்பது என்று போனை எடுத்துப் பார்சல் சொல்லிவிடுவாள்.

"கனவுல சமைச்சதுக்கு நிஜத்துல அலுப்பா? நல்ல கதையா இருக்கே" என்றேன்.

"நிஜமா வலிக்குது அண்ணி" என்று தோளைப் பிடித்துக் காட்டினாள். சிரிப்பதா, தைலம் தேய்த்துவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

என் தம்பி லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் இவன் போன் அடிக்கும். "நான் கத்தியைக் கையில எடுத்தா போதும்க்கா, போன் வந்துடுது" என்பான். கத்தியைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேரையும் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காலையில் போகிறவர்கள் பொழுது சாயும்போது முதுகு வளைந்துதான் திரும்புகிறார்கள். பார்சல் வந்த டப்பாக்களைத் தூக்கிப்போட மனம் வராமல் கழுவிக் கழுவி அடுக்குவாள். நாளடைவில் சமையலறை அலமாரியில் டப்பாக்கள் மேலே ஏறி, சட்டியும் பானையும் தரைக்கு வந்துவிட்டன.

அவர்களுக்கு ஒரே பெண். எங்களுக்கு அவள் வாலு. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் வந்துவிடுவாள். என் வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே. நான் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். தையலை மூடிவிட்டு அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். திரும்பும்போது பெரும்பாலும் கண்ணாடிக்காரி எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருப்பாள்.

எங்கள் கட்டடம் ஒடிசலானது. மாடிக்கு ஒரே வீடு. படிக்கட்டுச் சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாயங்கால வெயில் அதன் வழியாகக் காசு காசாகப் படிகளில் விழும். வாலு அங்கே வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். என் விரலைப் பிடித்தபடி, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மோப்பம் பிடித்தே மேலே ஏறுவாள். இது அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு.

"ரொட்டி வாட்டுறாங்க. பல் டாக்டர் வீடு" என்பாள் கீழ்த்தளத்தில். அடுத்த மாடியில், "மீன். பாட்டு டீச்சர் வீடு." நானும் சில நாள் அவளோடு கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டே இல்லாதது மாதிரி, வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு மிதந்து மேலே போகிற மாதிரி இருக்கும். அதற்கும் அடுத்த மாடியில் வாலு நின்றுவிடுவாள்.

ஒருநாள் கண்ணாடிக்காரியின் பஸ் தாமதம். எங்களுக்குப் பின்னாலேயே அவள் படியேறி வந்திருக்கிறாள். நாங்கள் கவனிக்கவில்லை.

"இப்ப வாசனையே இல்ல" என்று வாலு துள்ளினாள். "எங்க வீடு வந்துடுச்சு."

ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. வழக்கம்போல நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். கீழ்ப்படியில் அவள் அம்மா நின்றிருந்தாள்.

"எப்பவும் இப்படித்தான் கண்டுபிடிப்பாளா?" என்று கேட்டாள்.

"சும்மா விளையாட்டும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாவியைத் தேடினாள். கைப்பையில் சாவி கிடைக்க வெகுநேரம் ஆனது.

கொஞ்ச நேரத்தில் மாடியேறி வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரைச்சீலையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"நாளைக்கு அவ பெரியவளாகி எங்கயோ ஒரு ஊர்ல இருப்பா. எங்கிருந்தோ வெங்காயம் வதக்குற வாசனை வரும். அப்ப அவளுக்கு யார் வீடு ஞாபகம் வரும் அண்ணி? டீச்சர் வீடு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் எங்கேயும் போகவில்லை. என் முகத்திலேயே இருந்தது.

"நானே எல்லாருக்கும் சேர்த்துப் பொங்கிடறேன். எனக்கு என்ன, ரெண்டு பிடி அரிசி கூடப் போடணும், அவ்வளவுதானே."

"உங்க சாப்பாடு எனக்குப் பிடிக்கும். ஆனா அது மாடியிலேர்ந்து இறங்கி வர்ற வாசனை. எங்க கதவு இடுக்குல இருந்து வெளிய போகணும்." எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். "நான் சமைக்கிற அன்னைக்கு நீங்க அவகிட்ட சொல்லிடக் கூடாது. அவ மூக்கே கண்டுபிடிக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டையே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் கனவில் சமைக்கிறதையெல்லாம் அப்படியே சமைத்துவிட வேண்டும் என்று ஆசை. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மேடை முழுக்கத் தோல். அவள் கையில் பாதி உரித்த பட்டாணி. கண் ஜன்னலில். சாப்பாடு தயாராவதற்குள் குழந்தை பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டாள். மிச்சக் காய்கறி பிரிட்ஜில் கிடந்து வாடியது. கீரை தண்ணீராகிவிட்டது. மறுவாரம் போனில் வீடியோ பார்த்துச் செய்கிறேன் என்று ஆரம்பித்தாள். ஒரு வீடியோ முடிந்து இன்னொன்று, அது முடிந்து வேறொன்று. கடைசியில் பார்சல்காரர் மணியடித்தார்.

"உனக்கு என்ன விருந்தா வைக்கச் சொன்னாங்க?" என்று சத்தம் போட்டேன். "ஒரு சோறு, ஒரு காய். அதுக்கு மேல ஆசைப்பட்டா அடுப்பு தாங்குமா, நீ தாங்குவியா?"

"செய்யத் தெரியாம இல்ல அண்ணி. கையை முதல்ல எதுல வைக்கிறதுன்னு தெரியல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மூளை வேலை நிறுத்தம் பண்ணிடுது" என்றாள். சொன்னவள் அப்படியே போய்விட்டாள். கண் சுவரைத் தாண்டி எங்கேயோ நின்றது. நான் ஒரு நீளத் திரையின் ஓரத்தைத் தைத்து முடிக்கும்வரை திரும்பவில்லை.

திரும்பி வந்ததும், "தட்டு" என்றாள்.

அவர்கள் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு தட்டு. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் மறுநாள் காலையின் முதல் வேலையைத் தட்டில் எடுத்துவைத்துவிட வேண்டும். பிரேம், கண்ணாடி, திருகாணி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். காலையில் பாதித் தூக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூடக் கை தானாகத் தட்டுக்குப் போகும். மூளை நிதானமாகப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஓரம் உடைந்த பழைய தட்டு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி வந்தாள். காலையில் அவளுக்குப் பிறகுதான் தம்பி கிளம்புவான். அதனால் தட்டு வைப்பது அவன் பொறுப்பு. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய சமையல், அதற்கு மேல் யாரும் யோசிக்கக் கூடாது என்று பேச்சு. முதல் நாள் அவன் வைத்த தட்டைப் பார்க்கக் கீழே போனேன். அலசுவதற்குத் தயாராக ஒரு பாத்திரத்தில் அரிசி, இன்னொன்றில் பருப்பு, நாலைந்து உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, கத்தி. கூடவே அவன் ஸ்பேனர் ஒன்று.

"இது எதுக்குடா?"

"பூண்டு தட்டக்கா. கழுவித்தான் வெச்சேன்" என்றான். அவன் முகத்தில் விளையாட்டே இல்லை. லிப்டைத் திறந்து ஆளை வெளியே எடுக்கப் போகிறவன் மாதிரி நின்றான்.

அன்று சாயங்காலம் நானும் வாலுவும் படியேறினோம். வெயில் காசுகள் படியில் கிடந்தன. ரொட்டி. மீன். அதற்கு மேல் நாலு படி ஏறியதும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வெங்காயம் வதங்கும் வாசனை, பருப்பு வேகும் வாசனை, அதன்மேல் பூண்டு. அந்தக் கதவிலிருந்து இதற்கு முன் நான் முகராத வாசனை. நாக்கைக் கடித்துக்கொண்டு வாலுவைப் பார்த்தேன்.

அவள் நிற்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள், கதவைத் தாண்டினாள், என் விரலை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். என் வீட்டு வாசலில் நின்றாள். திரைச்சீலை அவசரத்தில் நான் அன்று எதுவும் சமைத்திருக்கவில்லை.

"வாசனை இல்ல. எங்க வீடு" என்று கண்ணைத் திறந்தவள் திகைத்துப்போனாள். "அத்தை, நாம தாண்டி வந்துட்டமா? கீழ வேற யாரோ சமைக்கிறாங்களே, புதுசா யாராவது குடி வந்திருக்காங்களா?"

கீழே போனோம். கண்ணாடிக்காரி கையில் கரண்டியோடு கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்கள் காலடி வந்ததும், நிற்காமல் மேலே போனதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிக்கொண்டாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அதுவே போதும் என்று இருந்திருப்பாள். இவள் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "தாண்டிப் போயிட்டா அண்ணி."

"ஒரே நாள்ல மூக்குக்குத் தெரியுமா? நாளைக்கும் தட்டு இருக்குல்ல?" என்றேன்.

மறுநாளும் தட்டு இருந்தது. எல்லா நாளும் இருந்தது என்று சொன்னால் பொய். தம்பி அவசரத்தில் வெறும் வெங்காயத்தை வைத்துவிட்டுப் போன நாள் உண்டு. அன்று முட்டையை உடைத்து ஊற்றினார்கள். பார்சல் சொன்ன நாளும் உண்டு. ஆனால் கை பழகிவிட்டது. செருப்பைக் கழற்றியதும் கால் தானாகத் தட்டுக்குப் போயிற்று. இன்றைக்குத் தட்டில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வருவதில் பஸ்ஸில் தூக்கம் வருவதில்லை என்றாள். டப்பாக்கள் ஒரு நாள் மூட்டை கட்டி வெளியே போயின. சட்டிகள் மேலே ஏறின.

கனவு மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும். எதிர் வீட்டுக் கொடியில் துணிகள் மெதுவாக ஆடும். அவள் கண் அங்கேயே நின்றுவிடும். எதைச் செய்தாலும் அடியில் லேசாகப் பிடித்துவிடும். "அந்தக் கருகல்தான் ருசி" என்று தம்பி சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவான். பெண்டாட்டியைத் தாங்குகிறான் என்று நினைத்தேன். ஒருநாள் எனக்கும் கொஞ்சம் கொடுத்தான். உண்மையிலேயே ருசியாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் வாலு தினமும் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தாள். மேலே வந்து கண்ணைத் திறந்து, "திரும்பவும் தோத்துட்டேன்" என்பாள். ஒருமுறை கதவைத் தாண்டும்போதே எனக்குப் பொறுக்கவில்லை, இதுதான் உங்க வீடு என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். கதவு திறந்திருந்தது. கண்ணாடிக்காரி என்னைப் பார்த்துத் தலையசைத்து, வேண்டாம் என்றாள்.

பிறகு ஒரு மழைநாள். பூங்காவில் பாதியிலேயே ஓடி வந்தோம். படிக்கட்டில் வெயில் இல்லை, சாம்பல் நிற வெளிச்சம் மட்டும். ஈரக் காற்றில் வாசனைகள் கீழேயே தங்கியிருந்தன. வாலு கண்ணை மூடிக்கொண்டாள். ரொட்டி என்றாள். மீன் என்றாள். அதற்கு மேல் ஏறினாள்.

நின்றாள்.

மூக்கைச் சுருக்கினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"உருளைக்கிழங்கு" என்றாள். இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் தீஞ்சிருக்கு அத்தை. எங்க வீடு."

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் கதவைத் தட்டினாள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கதவு திறக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் தீய்ந்துவிட்டது.